மதகைக் காக்குற பூதம்

"இல்லண்ணே, பல்லு பத்தலங்கிறதால இல்ல" என்றாங்க தாஹிரா. "வாய் நெறைய பல்லு வச்சாலும் இதைப் பாத்து யாரும் பயப்பட மாட்டாங்க."

அடைக்கலராஜ் பேனாவைக் கீழ வச்சாரு. எதிர்ல கம்ப்யூட்டர் திரையில ஒரு பூதம் நின்னுச்சு. கொம்பு இருந்துச்சு, கோரைப்பல் இருந்துச்சு, முதுகுல இறக்கையும் இருந்துச்சு. ஒரு பூதத்துக்கு என்னென்ன வேணும்னு கேட்டா சொல்ற எல்லாமே இருந்துச்சு.

"அப்ப எதனால மேடம்?"

தாஹிரா கொஞ்ச நேரம் பூதத்தையே பாத்தாங்க.

"முகூர்த்தம் எத்தனை மணிக்குண்ணே?"

"யாருக்கு?"

"இவருக்குத்தான்."

பின்வரிசையில இருந்த காலேஜ் பசங்க சிரிச்சாங்க. அடைக்கலராஜும் சிரிக்கத்தான் பாத்தாரு. வரல. ஏன்னா உத்துப் பாத்தா அது மாப்பிள்ளைதான். ரெண்டு கண்ணும் ஒரே அளவு. தாடை எடுப்பா இருக்கு. கன்னம் பளபளன்னு இருக்கு. கொம்பை மறைச்சிட்டா கல்யாணப் பத்திரிகையிலயே போடலாம்.

அவருக்கு அம்பது நெருங்குது. தாஹிராவுக்கு முப்பது ஆகல. அவரு அவங்களை மேடம்னு கூப்பிடுவாரு, அவங்க அவரை அண்ணேன்னு கூப்பிடுவாங்க. ரெண்டு பேருக்கும் அதுல சங்கடம் கிடையாது. திருச்சி தில்லைநகர்ல ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல தாஹிரா நடத்துற சாயங்கால வகுப்பு அது. கம்ப்யூட்டருக்குள்ள களிமண் உருண்டை மாதிரி ஒண்ணு இருக்கும். அதை மை இல்லாத கம்ப்யூட்டர் பேனாவால இழுத்து, அமுக்கி, செதுக்கி, உலகத்துல இல்லாத மிருகமா ஆக்கணும். கையில மண் ஒட்டாது. முதுகுவலி மட்டும் நெஜம்.

அடைக்கலராஜ் அதுக்கு முன்னாடி கல்யாண ஆல்பம் பண்ணிட்டிருந்தவரு. படம் எடுக்கிறது வேற ஆளு. எடுத்த படத்தைச் சரி பண்றது இவரு. பருவை எடுப்பாரு. கண்ணுக்குக் கீழ இருக்கிற கருப்பை எடுப்பாரு. ரெட்டைத் தாடையை ஒத்தைத் தாடை ஆக்குவாரு. ராப்பகலா அலைஞ்சு நொந்து போன பொண்ணோட அப்பாவை, இப்பதான் குளிச்சிட்டு வந்த மனுஷனா மாத்துவாரு. ஊர்ல எத்தனையோ வீட்டு ஷோகேஸ்ல ஜனங்க இவரு புண்ணியத்துல களைப்பே இல்லாம சிரிச்சிட்டிருக்காங்க. அப்புறம் அவங்கவங்க போனே அந்த வேலையைத் தானா பண்ண ஆரம்பிச்சுது. இவரு ஷட்டரை இறக்கிட்டாரு.

மச்சான் புதுக்கோட்டையில டைல்ஸ் குடோன் வச்சிருக்காரு. "வந்து உக்காருங்க மாமா, வேலையே கிடையாது"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. வேலையே கிடையாதுங்கிறதுதான் அடைக்கலராஜுக்குப் பயம்.

வகுப்பு நடக்கிற அதே கட்டடத்துல, மேல மூணாவது மாடியில, போன்ல விளையாடுற விளையாட்டுக்கு மிருகம், ராட்சசன் எல்லாம் செஞ்சு குடுக்கிற கம்பெனி ஒண்ணு இருக்கு. அப்பப்ப புது ஆளு எடுப்பாங்க. ஒரே ஒரு உருவம் செஞ்சு எடுத்துட்டுப் போய்க் காட்டணும். போன தடவை அடைக்கலராஜ் காட்டினப்ப மரியாதையா தண்ணி குடுத்து அனுப்பிட்டாங்க. வர்ற சனிக்கிழமை மறுபடியும் எடுக்கிறாங்க. இதுவும் ஆகலன்னா திங்கக்கிழமை குடோன்ல போய் உக்காந்துடுறேன்னு வீட்டுல சொல்லிட்டாரு. அவரு சம்சாரம் பிலோமினா அதுக்குச் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல.

"நெத்தியில ஒரு சுருக்கம் போடுங்கண்ணே" என்றாங்க தாஹிரா.

போட்டாரு.

"ஏன் அழிச்சீங்க?"

"அழிக்கலையே மேடம்."

"அப்ப எங்க அது?"

அடைக்கலராஜ் திரையில தேடினாரு. நெத்தி மொசைக் தரை மாதிரி இருந்துச்சு.

விஷயம் இதுதான். கீபோர்டுல ஷிப்ட் கட்டையை அழுத்திக்கிட்டு பேனாவால தேய்ச்சா மேடு பள்ளம் எல்லாம் வழவழன்னு ஆயிடும். அவரோட வலது கை ஒரு சுருக்கம் போட்டா, இடது சுண்டுவிரல் அவரைக் கேக்காமலே ஷிப்டுக்குப் போயிடும். இருவது வருஷமா ஊரான் சுருக்கத்தை அழிச்ச கை.

தாஹிரா முக்காட்டுல குத்தியிருந்த ஊசியை எடுத்தாங்க. ஷிப்ட் கட்டையை நெம்பிப் பிடுங்கி, கைப்பைக்குள்ள போட்டுக்கிட்டாங்க.

"மேடம், ஓனர் கேட்டா?"

"பூதம் தின்னுடுச்சுன்னு சொல்லுங்க."

மறுநாள் வந்து பாத்தாங்க. நெத்தி மறுபடியும் மொசைக்.

"இது எப்படிண்ணே?"

"வலது பக்கம் இன்னொரு ஷிப்ட் இருக்கு மேடம்" என்றாரு அடைக்கலராஜ். "கையைக் குறுக்க நீட்டினா எட்டுது."

தாஹிரா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. காலையில இருந்து நின்னு பாடம் எடுத்தவங்க. செருப்பைக் கழட்டி காலை நீட்டிக்கிட்டாங்க.

"எனக்கு வயசாயிடுச்சு மேடம். அதான் புடிபட மாட்டேங்குது."

"பூதத்துக்கு என்ன வயசு?"

"அது இருக்கும், ஐநூறு, ஆயிரம்."

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் ஆகல." அவங்க திரையைக் காட்டினாங்க. "இன்னிக்குக் காலையில இருந்து இது என்ன பண்ணுச்சு?"

"பூதமா? பூதம் என்ன மேடம் பண்ணும். நிக்கும்."

"எங்க?"

"இங்கதான். திரையில."

தாஹிரா கையை நீட்டி ஒரு பொத்தானை அமுக்கினாங்க. திரை இருட்டாச்சு.

"மேடம், சேவ் பண்ணல."

"மானிட்டரைத்தான் அணைச்சேன். உங்க மாப்பிள்ளை உள்ளதான் இருக்காரு. இப்ப என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. கருப்பா இருக்கு."

"பாருங்க."

பாத்தாரு. தலைக்கு மேல டியூப்லைட் எரிஞ்சுது. கருப்புக் கண்ணாடியில மெதுவா ஒரு மூஞ்சி தெரிஞ்சுது. இடது இமை வலதை விடக் கொஞ்சம் கீழ இறங்கியிருந்துச்சு. மூக்குல கண்ணாடி அழுத்தின ரெண்டு குழி. ரெண்டு கண்ணுக்குக் கீழயும் பை மாதிரி வீக்கம். கன்னத்துக்குக் கை முட்டுக் குடுத்தே உக்காந்ததுல ஒரு பக்க வாய் இன்னொரு பக்கத்தை விட இறங்கிப் போயிருந்துச்சு.

இதைச் சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்னு மனசு தானா கணக்குப் போட்டுச்சு. சுண்டுவிரல் நகர்ந்துச்சு. கட்டை இருந்த பள்ளத்துல போய் நின்னுச்சு.

"இவரு காலையில இருந்து என்ன பண்ணாரு?" என்றாங்க தாஹிரா.

"எந்திரிச்சேன். தண்ணி வந்துச்சு, புடிச்சு வச்சேன். மாடியில சிண்டெக்ஸ் நிரம்பல, அதுக்கும் தூக்கி ஊத்தினேன். அப்புறம் மச்சான் போன் பண்ணாரு. நின்னுக்கிட்டே பேசினேன். அப்புறம்..."

அவரு நிறுத்திட்டாரு. திரும்பிப் பாத்தா பக்கத்து நாற்காலி காலி. தாஹிரா செருப்பை மாட்டிக்கிட்டு, பின்வரிசையில ஒருத்தன் செஞ்ச டிராகனுக்கு ஏன் கழுத்து இல்லன்னு விசாரிச்சிட்டிருந்தாங்க.

அடைக்கலராஜ் மானிட்டரைப் போட்டாரு. மாப்பிள்ளையைப் பாத்தாரு. முதல்ல இறக்கையை எடுத்தாரு.

"ஏன் அங்கிள், இறக்கை நல்லாத்தானே இருந்துச்சு?" என்றான் பக்கத்துப் பையன்.

"பறக்கத் தெரிஞ்சவன் ஏன்டா இங்க நிக்கப் போறான்?"

அப்புறம் அதுக்கு ஒரு வேலை குடுத்தாரு. ஒரு ஏரி. ஏரிக்கு ஒரு மதகு. மதகுப் பலகையைத் தோள்ல தாங்கிக்கிட்டு, தண்ணி போகாம நிக்கணும். மாத்தி விட ஆள் கிடையாது. அவ்வளவுதான் வேலை. ஏரியையும் மதகையும் அவரு செய்யல, செய்யவும் தெரியாது. அது இருக்கிற மாதிரி நெனச்சுக்கிட்டாரு.

நெனச்சதும் சிக்கல் வந்துச்சு. பலகை வலது தோள்ல இருக்குன்னா அந்தத் தோள் இறங்கணும். தோள் இறங்கினா இடுப்பு எதிர்ப்பக்கம் தள்ளணும். இடுப்பு தள்ளினா இடது முட்டி எல்லாத்தையும் வாங்கிக்கணும். ஒரு பக்கம் செஞ்சா மறுபக்கம் தானா வந்துடும்னு சாஃப்ட்வேர்ல ஒரு வசதி இருக்கு. இத்தனை நாளா அதை வச்சுத்தான் ஓட்டினாரு. அதை அணைச்சாரு. வேலை ரெண்டு மடங்கு ஆச்சு.

பலகை உரசுற பக்கத்துக் கொம்பு தேஞ்சு கட்டையாச்சு. பல்லு ரெண்டு போச்சு. இடது இமை இறங்குச்சு.

சுண்டுவிரல் மட்டும் அடங்கல. வலது ஷிப்டைத் தேடி எட்டிப் போச்சு. கடைசியில அடைக்கலராஜ் இடது கையைத் தொடைக்கு அடியில வச்சு, அது மேலயே உக்காந்துக்கிட்டாரு.

"கை மரத்துப் போகலையா அங்கிள்?"

"போகுது."

சொல்லிட்டுக் கொஞ்சம் யோசிச்சாரு. பூதத்தோட வலது கையைப் பெருசாக்கிப் பாத்தாரு. அது பலகையை இறுக்கிப் புடிச்சிருந்துச்சு. அவ்வளவு காலம் தாங்கின கை இறுக்கிப் புடிக்காது. விரலை விரிச்சு விட்டாரு. புடிக்கிறதை மறந்த விரல் மாதிரி அது தொங்கிச்சு.

தாஹிரா அந்த வழியா போறப்ப நின்னு பாத்தாங்க. பாத்துட்டு அடுத்த பையன்கிட்ட போனாங்க.

சனிக்கிழமை மூணாவது மாடியில வரிசையா பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாங்க. சின்னப் பசங்களா உக்காந்திருந்தாங்க. ஒவ்வொருத்தன் மடியிலயும் ஒரு டிராகன். எல்லாமே நெருப்புத் துப்பிச்சு. அடைக்கலராஜ் லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு ஓரமா உக்காந்திருந்தாரு. ஒரு வகுப்பு முடிஞ்சு அடுத்த வகுப்பு தொடங்கறதுக்கு நடுவுல தாஹிரா மேல ஏறி வந்தாங்க. லிஃப்ட் ஓடல. மூச்சு வாங்க சுவத்துல சாஞ்சு நின்னாங்க.

"என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"காலையில வீட்டுல காட்டினேன் மேடம்."

"என்ன சொன்னாங்க?"

"இதுவரைக்கும் செஞ்ச எல்லாத்தையும் காட்டியிருக்கேன். வெங்காயத்துல இருந்து தலையைத் தூக்காமலே நல்லாருக்கும்பா. இன்னிக்குக் கத்தியை வச்சிட்டு எந்திரிச்சு வந்துட்டா. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டுப் பாத்தா."

"ம்."

"பாவம், இதைக் கொஞ்சம் உக்கார வைங்களேன்னுட்டா."

தாஹிரா முக்காட்டு நுனியால நெத்தியைத் துடைச்சாங்க.

"பயமுறுத்தத்தானே மேடம் பூதம் கேக்குறாங்க. உள்ள இருக்கிறவங்களும் பாவம்னு சொல்லிட்டா நான் திங்கக்கிழமை பஸ் ஏற வேண்டியதுதான்."

அவரு பேனாவை எடுத்தாரு. பூதத்தோட மூஞ்சியைப் பெருசாக்கினாரு.

"கண்ணுக்குக் கீழ மட்டும் லேசா தேய்ச்சிடுறேன். ரெண்டே இழுப்பு. ஆளு கொஞ்சம் தெளிஞ்சிடும்."

இது அவரோட சொந்த லேப்டாப். ரெண்டு ஷிப்டும் இடத்துல இருந்துச்சு. சுண்டுவிரல் ஏற்கெனவே ஒண்ணு மேல போய் உக்காந்தாச்சு.

தாஹிரா விரலைப் பாக்கல. குனிஞ்சு பூதத்தைப் பாத்தாங்க. இறங்கின தோளை, தள்ளின இடுப்பை, எல்லாத்தையும் வாங்கிக்கிட்ட அந்த முட்டியை.

"நிக்கிறவங்களைத்தானேண்ணே உக்காரச் சொல்லுவாங்க" என்றாங்க. "உங்க மாப்பிள்ளையை யாரும் அப்படிச் சொல்லலையே."

கதவு திறந்துச்சு. ஒரு பொண்ணு தலையை நீட்டுச்சு.

"அடைக்கலராஜ் யாருங்க? உள்ள வாங்க."

அவரு தேய்க்காமலே விரலை எடுத்தாரு. லேப்டாப்பை மூடாம அப்படியே ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு எந்திரிச்சாரு. முட்டி ஒரு சத்தம் போட்டுச்சு. உள்ள போனாரு.