பாய்லருக்கு வேர்த்த கதை

கோத்தகிரிக்கு மேலே ஒரு மடம். ஒரு காலத்தில் தோட்டத்துரையின் பங்களா. துரை போய்விட்டார், அவர் வைத்த குழாய்கள் போகவில்லை. தொடைத் தடிமனில் சுவரெல்லாம் ஓடும். கீழே நிலவறையில் அடுப்பெரித்தால் வெந்நீர் தானாக மேலேறும், கூடத்து இரும்பு ரேடியேட்டர்களைச் சூடாக்கும், ஆறியதும் தானாகக் கீழே இறங்கும். மோட்டார் கிடையாது, அவசரமும் கிடையாது.

போக்கிடம் இல்லாத முதியவர்கள் அந்தக் கூடத்தில்தான் இருந்தார்கள். அந்த வருஷம் பழைய அடுப்பு ஓட்டை விழுந்து ஓய்ந்தது. உறைபனிக்கு முன் சூடு வராவிட்டால் அத்தனை பேரையும் மலையை விட்டுக் கீழே, ஆளுக்கொரு விடுதியாகப் பிரித்து அனுப்பியாக வேண்டும்.

புது பாய்லர் மாட்டும் வேலை பொன்னுரங்கத்தின் தலையில் விழுந்தது. சாயப்பட்டறை பாய்லர்களோடு வாழ்ந்து தலை நரைத்தவர். ஞானம் தேடி அந்த வருஷம்தான் மடத்துக்கு வந்திருந்தார். குரு தவமணி அம்மாவும் பீடத்தில் அமர்ந்து வருஷம் திரும்பவில்லை. அவருக்குப் பொன்னுரங்கத்தின் மகள் வயது இருக்கும். அது பொன்னுரங்கத்துக்கு உள்ளே ஒரு முள். கும்பிடுவார், ஆனால் முதுகு வளையாது.

பாய்லரை மாட்டி, மோட்டாரும் வைத்து, சூடம் காட்டித் தீ மூட்டினார். மோட்டார் ஓடியதும் குழாய்களில் கிடந்த குளிர்நீர் முழுவதும் ஒரே மூச்சில் பாய்லருக்குள் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் அடுப்புக்குள் சில்லிட்ட புது இரும்பு, புகையின் ஈரம் படிந்து, முத்து முத்தாக வேர்த்தது. வேர்வை தீயில் சொட்டி உஸ்ஸென்றது. இரும்பு எங்கேயோ டொக்கென்று முனகியது. பொன்னுரங்கத்துக்குத் தெரியும், இப்படியே ஓடினால் துருவேறி விரிசல் விட்டுவிடும்.

பழைய அடுப்பைக் காலமெல்லாம் கட்டிக் காத்த வெள்ளிங்கிரி படியில் நின்று சிரித்தார்.

"புது மாப்பிள்ளைக்கு மாமியார் ஊட்டுத் தண்ணி ஒத்துக்கலையாட்ட இருக்குதுங்க!"

பொன்னுரங்கம் தீயை அணைத்தார். விறுவிறுவென்று அம்மாவைத் தேடிப் போனார்.

அம்மா பின்கட்டில் கூடத்துக் கிழவி ராமாத்தாளைக் குளிப்பாட்ட உட்கார வைத்திருந்தார். பக்கத்தில் அண்டாவில் வெந்நீர் கொதித்தது.

"எனக்கு ஒரு கேள்வி இருக்குது. இப்பவே பதில் வேணும்" என்றார் பொன்னுரங்கம்.

"கையைக் காட்டுங்க ஐயா."

கை குளிரில் விறைத்துப் போயிருந்தது. அம்மா ஒரு வாளித் தண்ணீரில் சொம்புச் சொம்பாகக் கொதிநீர் விளாவினார். புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"உள்ளே விடுங்க."

"கேள்வி?"

"அது எங்கேயும் ஓடிப் போயிடாது."

விரல்களில் உயிர் திரும்பிய பிறகு குரலும் கொஞ்சம் இறங்கியது.

"நான் எத்தனை சூடு குடுத்தாலும் சில்லுனுதான் திரும்பி வருதுங்கம்மா. பாய்லருக்கும் அதே கதி, எனக்கும் அதே கதி. வெள்ளிங்கிரிக்கு தெனமும் கும்புடு போடறேன், ஒரு உறுமல்தான் திரும்பி வருது. ஒண்ணு, பழைய குழாயெல்லாம் பேத்து எறியோணும். இல்லீன்னா நான் கெளம்போணும். எதுன்னு சொல்லுங்க."

அதற்குள் ராமாத்தாள் குறுக்கே புகுந்தாள்.

"அவன் போனாப் போறான், எனக்குக் குளுருது! தண்ணிய வாத்து தாயி!"

அம்மா இன்னொரு வாளியை இழுத்து வைத்துக் கொதிநீர் விளாவினார். ராமாத்தாள் விரல் விட்டுப் பார்த்தாள்.

"பத்தாது. இன்னொரு சொம்பு. ஆங்... இப்ப வாத்துடு."

பொன்னுரங்கம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைத் தண்ணீர் அந்தக் கிழவியின் முதுகைத் தொடவே இல்லை. தொடுவதற்கு முன்பே அதற்குச் சூடு கிடைத்துவிட்டது. அவர் ஈரக் கையோடு நிலவறைக்கு ஓடினார்.

முதலில் பழைய குழாய்களின் வயிற்றைக் கழுவினார். காப்பி நிறத்தில் சேறு வந்து வந்து கடைசியில் தெளிந்தது. பிறகு, சூடாகப் போகும் குழாய்க்கும் ஆறித் திரும்பும் குழாய்க்கும் நடுவே ஒரு குறுக்குக் குழாய், அதில் ஒரு வால்வு. வெந்நீரில் ஒரு பங்கு மேலே போகாமல் குறுக்கே புகுந்து, வரும் குளிர்நீரை பாய்லர் வாசலிலேயே விளாவிவிடும்.

வெள்ளிங்கிரிக்குப் பொறுக்கவில்லை. "மேல போற சூட்டைக் கீழயே சுத்த உட்டா, கூடத்துல இருக்கறவங்க எதுல குளிர் காயறது?"

நியாயமான கேள்விதான். "கொஞ்சம் பொறுங்கண்ணா. இந்த முனையைப் புடிங்க" என்றார் பொன்னுரங்கம்.

அண்ணா என்ற சொல்லை வெள்ளிங்கிரி எதிர்பார்க்கவில்லை. உறுமிக்கொண்டே பிடித்தார்.

மறுபடி தீ எரிந்தது. பகல் முழுக்கக் கூடம் சில்லென்றே கிடந்தது. போர்வைக்குள்ளிருந்து முனகலும் வசவும் வந்தன. பொன்னுரங்கம் திரும்பு குழாயில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும் நேரத்தில் அந்தக் குழாய் வெதுவெதுத்தது. அவர் குறுக்குக் குழாயின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினார். வெந்நீர் முழுவதும் மேலே ஏறத் தொடங்கியது.

கூடத்தில் ரேடியேட்டர்கள் டிக் டிக்கென்றன. ராமாத்தாள் உள்ளங்கையை வைத்தாள், பிறகு கன்னத்தை வைத்தாள்.

"அடேய், சுடுதுடா!"

சொன்னதோடு நிற்காமல் குலவையும் போட்டாள். போர்வைகள் பறந்தன. எழுந்திருக்க முடியாதவர்கள் கட்டிலைத் தட்டினார்கள்.

மறுநாள் விடியலில் புல்வெளி முழுக்க உப்புக் கொட்டியதுபோல் உறைபனி. உள்ளே பெரியவர்கள் பனியனோடு உட்கார்ந்து காப்பிக்குச் சண்டை போட்டார்கள். ஒருவர்கூட மலையிறங்கவில்லை.

வெள்ளிங்கிரி அடுப்புக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். இரும்பு காய்ந்திருந்தது.

"மாப்பிள்ளைக்கு வேர்வை நின்னு போச்சுங்க" என்றவர், பொன்னுரங்கம் கைகூப்புவதற்கு முன்பே தான் கும்பிட்டார்.

பொன்னுரங்கத்துக்கு நெஞ்சு நிறைந்தது. நேரே அம்மாவிடம் போய், முதுகு வளைய வணங்கினார்.

"பாய்லருக்கு வழி கெடைச்சுதுங்கம்மா, எனக்கும் கெடைச்சுது. ஒண்ணு மட்டும் வெளங்கலீங்க. நான் கேள்வியோட வந்தேன். நீங்க எதுக்கு மொதல்ல என் கையை வெந்நீர்ல வெக்கச் சொன்னீங்க?"

அம்மா சிரித்தார்.

"அன்னிக்கு நீங்க ரொம்பச் சில்லுனு வந்தீங்க ஐயா. அப்படியே உள்ள வாங்கியிருந்தா விரிசல் விட்டிருக்கும். நானும் இந்தப் பீடத்துக்குப் புதுசுதானே."