ஜமால் முன்னால் வந்து நின்ற நாள்

விடை தெரிந்துவிட்டதாக நினைப்பவர்கள், கேள்வி வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனைக்குச் சம்மதமென்றால் கதையைச் சொல்கிறேன்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார் மில் வைத்திருந்த பொன்னுசாமி, ஒரு கிரிக்கெட் அணியும் வைத்திருந்தார். அணியின் வேகப்பந்து வீச்சாளர் திருமூர்த்தி. அவர் ஓடிவர ஆரம்பித்தாலே எதிரணிக்காரர்கள் ஸ்டம்பை விட்டு ஒதுங்கி நின்ற காலம் ஒன்று உண்டு. விக்கெட் கீப்பர் ஜமால் அவருடைய நெடுநாள் கூட்டாளி. மூர்த்தியின் பந்தைப் பிடிக்க ஸ்டம்பிலிருந்து வெகுதூரம் தள்ளித்தான் நிற்பார். மெதுவாகப் போடுகிறவனுக்குத்தான் கீப்பர் ஸ்டம்பை ஒட்டி நிற்பது வழக்கம். வேகப்பந்துக்காரனுக்கு ஒரு கீப்பர் அப்படி வந்து நின்றால், சந்தை நடுவில் வேட்டி அவிழ்ந்த மாதிரிதான்.

மூர்த்திக்கு நாற்பது நெருங்கியது. ஸ்டம்பைப் பெயர்த்த பந்துகள் இப்போது தென்னந்தோப்புக்குள் பறந்தன. இடது முட்டி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு பலாக்காய்போல வீங்கியது. சம்மணம் போட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே சாப்பிட்டார். மனைவி சுகந்தி பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ்கட்டியைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள். ஒருநாள் அவளுக்குத் தாங்கவில்லை.

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்டாள்.

மூர்த்திக்குச் சுருக்கென்றது. "ஜமால் எனக்கு ஸ்டம்பை ஒட்டி வந்து நிக்கிற அன்னிக்கு நிறுத்திடறேன். போதுமா?" என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அப்படியொரு நாள் வரவே வராது என்ற தைரியம். மைதானம் இல்லையென்றால், முதலாளி மில்லில் பேருக்குப் போட்டுக்கொடுத்திருக்கும் மேஜைக்குப் பின்னால் உட்காரப்போகிற அந்த ஆள் யாரென்று அவருக்கே தெரியாது. அந்தப் பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது.

அந்த நாள் வரத்தான் செய்தது. லீக் ஆட்டம் ஒன்றில், சின்னப் பையன் மாதிரி இருந்த ஒரு பேட்ஸ்மேன் மூர்த்தியைத் தொடர்ந்து விளாசிக்கொண்டிருந்தான். ஜமால் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நடந்துவந்து ஸ்டம்பை ஒட்டிக் குனிந்து நின்றுவிட்டார். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். மூர்த்திக்கு முகம் செத்துவிட்டது.

வயிற்றெரிச்சலில் ஒரு காரியம் செய்தார். நாலே எட்டு ஓடிவந்து, கையை மட்டும் பழைய வேகத்தில் சுழற்றி, உள்ளங்கைக்குள் புதைத்துவைத்த பந்தைப் பொத்தென்று விட்டார். பந்து ஆடி அசைந்து வந்து சேருவதற்குள் பையன் மட்டையை வீசி முடித்து, நிலைதடுமாறிக் கோட்டுக்கு வெளியே நின்றான். ஜமால் பந்தைப் பிடித்து ஸ்டம்பைத் தட்டினார். ஸ்டம்பிங்கில் பையன் அவுட்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மூர்த்தி உள்ளதைச் சொன்னார். "ஜமால் வந்து நின்னுட்டான். முதலாளிகிட்ட ஒப்பந்தம் இருக்கு, இந்த சீசனை முடிச்சுக் குடுத்துட்டு நிறுத்திடறேன்." சுகந்தி சரியென்று ஐஸ்கட்டி எடுக்கப் போனாள்.

மிச்சமிருந்த ஆட்டங்களில் அந்தச் சோம்பேறிப் பந்தையே போட்டார். நாலு எட்டுக்கு மேல் ஓடவில்லை. விக்கெட்டுகள் மளமளவென்று விழுந்தன, கோப்பையும் வந்தது. வீட்டில் ஐஸ் தட்டு எடுக்கப்படாமலே உறைந்துகிடந்தது. மூர்த்தி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டாவது முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முட்டி மடங்கியதை அவர் கவனிக்கவில்லை.

சீசன் முடிந்ததும் பொன்னுசாமி, இரண்டு வருஷத்துக்குப் புது ஒப்பந்தத்தோடு ஜமாலையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். மூர்த்தி சத்தியத்தைச் சொல்லி, முடியாதென்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏப்பா, சத்தியம் பண்ணவன் வேகப்பந்துக்காரன். அவன்தான் ரிட்டயர் ஆயிட்டானே. இப்ப இருக்கறவன் வேற ஆளு, கையெழுத்துப் போடு" என்றார் முதலாளி.

"மூர்த்தி, நான் அன்னிக்கு வந்தது ஸ்டம்பிங் பண்ணத்தான்டா. உன் வேகம் குறைஞ்சுதுன்னு வரல. அதனால சத்தியத்துல சேராது" என்றார் ஜமால். சொல்லும்போது அவர் மூர்த்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மூர்த்தி முதலாளி நீட்டிய பேனாவைத் தொடவில்லை. சுகந்திதான் பேனாவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"போடுங்க."

"உன் தலையில அடிச்சுச் சொன்னேனே, சுகந்தி."

"என் தலைதானுங்களே" என்றாள் அவள்.

மூர்த்தி கையெழுத்துப் போட்டார்.

இப்போது வாயைத் திறக்கலாம். வேறு ஆள் என்று வாதாடிய முதலாளி, சத்தியத்தில் சேராது என்ற ஜமால், சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்ற மூர்த்தி, பேனாவை எடுத்துக் கொடுத்த சுகந்தி. இந்த நால்வரில் யார் செய்தது சரி?

விடை: சுகந்தி செய்ததுதான் சரி. முதலாளியின் வாதத்தை ஏற்றுக்கொண்டால், தலைமுடியை வெட்டிக்கொண்ட எவனும் நேற்றுச் சொன்னதை மறந்துவிடலாம். ஜமால் சொன்னது நட்புக்காகச் சொன்ன பொய். அவர் முன்னால் வந்தபோது மூர்த்தியிடம் அந்த மெதுப்பந்தே கிடையாது. மூர்த்தி காப்பாற்றியது தன் வீம்பை. அவள் கேட்டது முட்டியைப் பற்றி, அவர் பதில் சொன்னதோ கீப்பரைப் பற்றி. சத்தியத்தை வாங்கியவள் அவள், திருப்பிக் கொடுக்கும் உரிமையும் அவளுடையது. அவள் கேட்டதுதான் ஏற்கெனவே கிடைத்துவிட்டதே. அடுத்த சீசனின் முதல் ஆட்டத்துக்கு அவளும் மைதானத்துக்கு வந்திருந்தாள். இத்தனை வருஷத்தில், அவர் ஓடிவந்து பந்தை விடுகிற நொடியில் அவள் முட்டிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்ளாமல் பார்த்தது அன்றைக்குத்தான்.