பாதியில் நின்ற கூவல்

பேச்சு மனிதருக்கு மட்டும் என்று ஆகாத அந்தக் காலத்தில், கரிசல் காட்டுக் கௌதாரிகள் ரொம்ப ரோஷத்தோடு வாழ்ந்தன. ஒரு கௌதாரி கூவினால், கேட்ட கௌதாரி பதில் கூவ வேண்டும். அதோடு போகாது. நெஞ்சை நிமிர்த்தி, தலையைத் தூக்கி, ஒற்றையடிப் பாதையில் எல்லாரும் பார்க்க நடந்து போய்க் கூவியவர் முன்னால் நிற்க வேண்டும். உறவுக்கானாலும் சரி, சண்டைக்கானாலும் சரி. புதருக்குள் பதுங்கிப் போனால் கேவலம். போகாமலே இருந்தால் அதைவிடக் கேவலம். இந்த வீறாப்பை அவற்றுக்குச் சொல்லிக் கொடுத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

அந்தக் காட்டில் சங்கிலி என்ற வேடன் குதிரைமயிரில் கண்ணி திரித்து, தரையோடு தரையாக வைத்து, மேலே கம்பு தூவிப் பார்த்தான். கௌதாரிகள் கம்பைப் பொறுக்கித் தின்றுவிட்டுக் கண்ணியைத் தாண்டிப் போயின. குனிந்து மேய்கிறவர்களுக்குக் காலடியில் கிடப்பது தெரியாமலா போகும்?

ஒருநாள் மட்டும் ஒரு சேவல் கௌதாரி மாட்டியது. அதன் பெயர் வரியன். எங்கோ கேட்ட கூவலுக்குப் பதில் சொல்லப் போகிற அவசரத்தில் தலையைத் தூக்கி நடந்து, நேராகக் கண்ணிக்குள் காலை வைத்துவிட்டது. சங்கிலிக்கு விஷயம் பிடிபட்டது.

"மேயும்போது தரையைப் பாக்குது, கூப்பாட்டுக்குப் போகும்போது வானத்தைப் பாக்குது" என்று பெண்டாட்டி இருளாயியிடம் சொன்னான். "இதைக் கூண்டுல வச்சுக் கூவவிட்டு, சுத்திலும் கண்ணி போட்டாப் போதும் புள்ள."

இருளாயி கூண்டுக்குச் சிவப்புத் துணியில் உறை தைத்தாள். ஓரத்தில் சோழி கோத்தாள். வரியன் காலில் சின்ன மணி ஒன்றும் கட்டினாள்.

"எதுக்கு இம்புட்டு அலங்காரம்?"

"சோறு போடப்போற சாமியாச்சே மாமா. மொட்டையாவா வைக்கிறது?"

"கூவுற மட்டுந்தான் சாமி. கூவலைன்னா கொழம்பு" என்றான் சங்கிலி. உறைக்குள் இருந்த வரியனுக்கு அது தெளிவாகக் கேட்டது.

விடிந்ததும் வரியன் கூவியது. உயிர்பயம் பாதி, பழக்கம் பாதி. கூட வளர்ந்த தோழன் ஒருவன் கம்பீரமாக நடந்து வந்து கண்ணியில் விழுந்தான். விழுந்தவன் கோபப்படக்கூட இல்லை. "கூப்பிட்டாயே, என்ன விஷயம்?" என்று கேட்டான். சங்கிலி வந்து அவனைக் கோணிக்குள் போட்டுக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியலிலும் வரியன் யார் வருவார்களோ, யார் முகத்தைப் பார்க்க வேண்டுமோ என்று நடுங்கிக்கொண்டே கூவியது. வெட்கமாக இருந்தது. உயிர்மேல் ஆசையும் இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் சங்கிலி சொன்னான்: "இந்தப் பக்கம் பட்சி ஓய்ஞ்சிருச்சு. நாளைக்கு ஓடைப்பக்கம் போவோம்."

வரியன் வாயில் வைத்த கம்பைத் துப்பிவிட்டது. ஓடைக்கரைக் கிளுவை முள்வேலியில்தான் அதன் மனைவி புள்ளி இருந்தாள். அது பிடிபட்ட அன்று அவள் முட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். இந்நேரம் குஞ்சு பொரித்து நடக்கவிட்டிருப்பாள்.

"தாயி, ஓடைப்பக்கம் மட்டும் வேண்டாமே" என்றது இருளாயியிடம்.

"ஏன், அங்க என்ன இருக்கு?"

சொன்னால் அதுவே காட்டிக்கொடுத்ததாகிவிடும். "ஒன்றுமில்லை, ஈரக்காற்று" என்று முணுமுணுத்தது.

"தொண்டை கட்டிரும்னு பாக்குறியா?" என்று சிரித்து, அவள் உறையை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் ஓடைக்கரையில் கிழக்கு வெளுத்தது. வரியன் அலகை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சங்கிலி கூண்டைத் தட்டினான். சத்தமில்லை. இன்னும் ஓங்கித் தட்டினான்.

"வீட்டுல அம்மியைக் கழுவச் சொல்லிர வேண்டியதுதான்" என்றான்.

அதைக் கேட்ட பயத்தில் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. வரியன் கூவிவிட்டது. கூவி முடிக்குமுன் கிளுவை வேலியிலிருந்து பதில் வந்தது. இத்தனை நாளும் இந்தக் குரலுக்காகவே காத்திருந்தவள் அல்லவா? புள்ளி பாதையில் ஏறினாள். தலை நிமிர்ந்திருந்தது. பின்னால் குஞ்சுகளும் தலையைத் தூக்கிக்கொண்டு தத்தித் தத்தி வந்தன. இதற்குள் நடையைக்கூடக் கற்றுக்கொடுத்துவிட்டாள்.

வராதே, கண்ணி இருக்கிறது என்று கத்தலாம். ஆனால் கௌதாரிகளுக்குள் என்ன காரணம் சொல்லி வராதே என்றாலும் சண்டைக்கு இழுப்பதாக அர்த்தம். இன்னும் வேகமாகத்தான் வருவாள். சும்மா இருந்தாலும் வருவாள், கேட்டது கேட்டதுதான். சங்கிலி புதருக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். புள்ளி கண்ணிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

வரியன் மறுபடி கூவத் தொடங்கியது. பலமாகத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டது.

எந்தக் கௌதாரியும் அதுவரை கூவலைப் பாதியில் விட்டதில்லை. புள்ளி தூக்கிய காலோடு நின்றாள். என்ன ஆயிற்று என்று தெரியாமல், மீதியைக் கேட்பதற்காகத் தலையைச் சாய்த்தாள். சாய்த்த கண்ணுக்குத் தரை தெரிந்தது. தரையில், தூக்கிய காலுக்கு நேர் கீழே, குதிரைமயிர் வளையம் தெரிந்தது.

அடுத்த நொடி அவளும் குஞ்சுகளும் முள்ளுக்குள் பதுங்கி ஓடினார்கள். யார் பார்த்தாலும் கேவலம்தான். அவள் அதையெல்லாம் நினைக்கவில்லை.

சங்கிலி கூண்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். வழியெல்லாம் வரியன் காலிலிருந்த மணி மட்டும் ஒலித்தது. வீட்டில் இருளாயி கூண்டின் உறையைக் கழற்றினாள். பிறகு மணியையும் கழற்றி வைத்தாள்.

அந்த விடியலுக்குப் பிறகுதான் கௌதாரி கூவிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிறுத்துகிறது. கேட்ட கௌதாரியும் நேரே நடந்து வராமல் புதரோரமாகப் பதுங்கி ஓடுகிறது. ஓடுகிறபோதே நடுவில் ஒருமுறை நின்று தலையைச் சாய்க்கும். அன்றைக்கு விட்ட மீதிப் பாதி எங்கிருந்தாவது வருகிறதா என்று புள்ளி நின்று கேட்டது அப்படித்தான்.