தூரமும் அதன் தம்பியும்

தெற்கே உப்பளங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விமான நிலையம். வடக்கே மலையடிவாரத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே தூரமும் நேரமும் அண்ணன் தம்பியாக இருந்தன.

முன்பெல்லாம் இரண்டும் ஒரே பேருந்தில் ஒன்பது மணி நேரம் சேர்ந்து போகும். விமானம் வந்ததும் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

"ஐம்பத்தைந்தே நிமிடம். இனிமேல் உன்னை யார் அண்ணா மதிப்பார்கள்?" என்று நேரம் சீண்டியது. தூரம் சண்டைக்குப் போகவில்லை. அதன் சுபாவம் அப்படி.

ஒரு நாள் காலை விமானத்தில் தங்கபுஷ்பம் ஏறினாள். மடியில் கண்ணாடி வளையல் பெட்டி. மகள் செல்வசுபா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு மூன்று வருஷமாகிறது. அன்றிலிருந்து பேச்சில்லை. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்குத் தாய்வீட்டு வளையல் வேண்டுமென்று மருமகன்தான் கெஞ்சிக் கூத்தாடி டிக்கெட்டும் அனுப்பியிருந்தான்.

விமானம் மேலே போனதும் தங்கபுஷ்பம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்: "ஊர் வாய்க்குப் பயந்துதான் வந்தேன். வளையலப் போட்டுட்டு சாயங்காலமே போயிருவேன்."

தூரம் பதறிப்போனது. "தம்பி, இந்த அம்மா இறங்கியதும் இதைத்தான் சொல்லப் போகிறாள். பிள்ளைத்தாச்சிப் பெண் தாங்குவாளா?"

"அதற்கு நான் என்ன செய்ய?"

"பேருந்தாக இருந்தால் நான் பார்த்துக்கொள்வேன். அருப்புக்கோட்டை வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார்கள். மதுரையில் ஒரு டீ குடித்தால் கோபம் பாதி தணியும். நாமக்கல் தாண்டுவதற்குள் பிள்ளை ஞாபகம் வந்துவிடும். நீ எல்லாவற்றையும் சுருட்டிவிட்டாய்."

குறைந்துகொண்டே போவதுதான் பெருமை என்று நேரம் அதுநாள்வரை நம்பியிருந்தது. இப்போது அந்தப் பெருமையே அதை உறுத்தியது. கீழே மலை தெரிய ஆரம்பித்துவிட்டது. தங்கபுஷ்பம் இன்னும் அதே வார்த்தையில்தான் நின்றாள்.

ஓடுபாதைக்கு மேலே ஒரு மேகம் போய்க்கொண்டிருந்தது. "கொஞ்சம் இங்கேயே நில்லேன்," என்று நேரம் கேட்டது.

"எல்லாரும் என்னை விலகு என்றுதான் சொல்வார்கள். நிற்கச் சொன்ன முதல் ஆள் நீதான்," என்று மேகம் சந்தோஷமாகவே உட்கார்ந்துகொண்டது.

ஓடுபாதை மறைந்ததால் விமானம் வட்டமடித்தது. பயணிகள் முணுமுணுத்தார்கள். தங்கபுஷ்பம் சும்மா இருக்க முடியாமல் பெட்டியைத் திறந்தாள். ஒரு வளையலை எடுத்துப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. மகளின் பழைய அளவுக்கு வாங்கியிருந்தாள். ஏழு மாதத்தில் கை வீங்குமே, இது ஏறுமா? சுபா வயிற்றில் இருந்தபோது தன் கையும் இப்படித்தான் வீங்கியது. மகளின் கையைப் பிடித்து மூன்று வருஷமாயிற்று என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

மேகம் எழுந்து வழிவிட்டது. விமானம் இறங்கியது.

வாசலில் செல்வசுபா நின்றிருந்தாள். "அம்பத்தஞ்சு நிமிசம்னு போட்டிருந்துச்சு. பன்னெண்டு நிமிசம் கூட ஆயிட்டு. பயந்துட்டேம்மா."

தங்கபுஷ்பம் மகளின் வீங்கிய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "மூணு வருசமா ஒன்னய நிக்க வச்சிட்டேன். நீ பன்னெண்டு நிமிசத்தச் சொல்லுதியேட்டி."

நடுவில் நிற்க இடமில்லாமல் தூரம் ஒதுங்கிக்கொண்டது.