கோரை அறுக்கப் போன நாள்

"நாலு வருஷமா உங்ககிட்ட இருக்கேன், அம்மா. மனசு அடங்கவே இல்ல" என்றார் மாசிலாமணி.

குரு விசாலம் அவரைவிட இருபது வயது இளையவர்.

"எது அடங்கல?"

மாசிலாமணி முதன்முறையாக வாய் திறந்து சொன்னார். ஏழு வருஷத்துக்கு முன்னால், காரையேரி ஊர் வளைவில், அவர் ஓட்டிய வேன் ஒரு சிறுமியை அடித்துப்போட்டது. சாலையில் வேறு யாரும் இல்லை. அவர் அவளை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார். போலீஸ் தேடி வரவில்லை.

குரு எழுந்தார்.

"ஆசிரமக் கூரைக்குக் கோரை வேணும். ஜீப்பை நீங்க ஓட்டுங்க."

"நான் வண்டியைத் தொடுறதில்லைம்மா."

"தெரியும்."

ஐப்பசி மழை விட்டிருந்தது. ஏரிக்கரையில் இருவரும் கோரை அறுத்துக் கட்டினார்கள். நாணல் பூ, காய்ந்த தாமரைக் காய், கரையில் கிடந்த இறகு என்று குரு பொறுக்கிச் சேர்த்தார். வடக்கேயிருந்து வந்த வாத்துகள் கூட்டம் கூட்டமாகத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தன.

"வருஷா வருஷம் இதே ஏரிக்கா வருதுங்க?" என்று கேட்டார் மாசிலாமணி.

"ஆமா."

"அவ்வளவு தூரத்துலேர்ந்து!"

குரு கட்டுகளை ஜீப்பில் ஏற்றினார்.

திரும்பும்போது சாலை இரண்டாகப் பிரிந்தது.

"இடது பக்கம் போங்க."

மாசிலாமணி பிரேக்கை மிதித்தார். "அது காரையேரி ரோடும்மா."

"ஆமா."

"என்னால முடியாது."

பின்னால் வந்த டிராக்டர் விடாமல் ஹாரன் அடித்தது. மாசிலாமணி இடது பக்கம் திருப்பினார்.

டீக்கடையில் விசாரித்தார். வீட்டைக் காட்டினார்கள். குரு ஜீப்பிலேயே இருந்துகொண்டார்.

அந்தச் சிறுமியின் தாய் பவுனம்மா வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருங்க நீங்க?"

"உங்க பொண்ணை அடிச்ச வேனை ஓட்டினவன்."

அவள் கையிலிருந்த தழையைக் கட்டி முடித்தாள். பக்கத்தில் அரிவாள் கிடந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள்.

"இறங்கிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"உயிர் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஏதாச்சும் சொன்னாளா?"

"தண்ணி கேட்டா."

"குடுத்தியா?"

"இல்லம்மா. ஓடிட்டேன்."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. ஆட்கள் ஓடி வந்து மாசிலாமணியைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள். "போலீசுக்குப் போன் போடு" என்று ஒருவன் கத்தினான்.

மாசிலாமணி தரையில் உட்கார்ந்தார்.

பவுனம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"போலீஸ் வர்றதுக்குள்ள இன்னொரு தடவ சொல்லு" என்றாள். "எப்படிக் கேட்டா? 'தண்ணி'ன்னாளா, 'அம்மா, தண்ணி'ன்னாளா?"