கருப்பட்டிக்கு முழிச்ச பிள்ளை

ஒரு ஊருல ஒரு ராசா இருந்தாராம், அவருக்கு எல்லாம் இருந்துச்சாம், விடியக்காலத் தூக்கம் மட்டும் வராதாம். அதுக்காவ என்ன செஞ்சாரு? சூரியன் வாரதுக்கு முந்தி எந்த வீட்டுல அழுக சத்தம் கேட்டாலும், அந்த வீட்டு ஆளுங்கள ஊரைவிட்டு முடுக்கணும்னு தமுக்கு அடிச்சுட்டாரு. துப்பு சொன்னவங்களுக்கு அந்த வீடாம். நல்ல ராசா போ!

அந்த ஊருல மாடத்தின்னு ஒருத்தி. அவ புருசன் ராசாவுக்காவ சண்டைக்குப் போயி செத்துப்போனான். சேதி வந்தது விடியக்காலம். வாயில துணிய வச்சு அடைச்சுக்கிட்டா பாவி. பொறவு மில்லுக்கும் நெல்லுக்குமா ஓடுனதுல, அழ நேரமே வாய்க்கல. ஏல, மில்லு அப்ப ஏது, உரலும் உலக்கையுந்தான். குறுக்க சிரிக்காம கேளு.

அவளுக்கு இசக்கின்னு ஒரு சின்னப் பய. ஒருநா கோழி கூப்பிடுறதுக்கு முந்தி எந்திரிச்சு சிணுங்குனான். பக்கத்து வீட்டுப் பூவம்மா கைநெறையா கருப்பட்டி கொண்டாந்து, "ஏட்டி மாடத்தி, முழிச்ச ஒடனே வாயில ஒரு துண்டு வையி, சத்தம் போடமாட்டான்"னா.

"நீங்க நல்லா இருக்கணும் மைனி"ன்னு கும்புட்டா இவ.

மைனிக்கு இவ வீட்டு நல்லதண்ணிக் கெணத்து மேல கண்ணு. அது இவளுக்கு எங்க தெரியுது!

பய முழிச்சான், கருப்பட்டி தின்னான். மறுநா இன்னுங் கொஞ்சம் முந்தி முழிச்சான், தின்னான். அதுக்கு மறுநா நடுச்சாமத்துலயே முழிச்சு, "கருப்பட்டி, கருப்பட்டி"ன்னு காலை உதைச்சான். அசந்து தூங்கட்டும்னு ராத்திரி வெகுநேரம் முழிக்க வச்சுப் பாத்தா, அதுக்கும் முந்தி எந்திரிச்சான். மாடத்தி கண்ணு ரத்தமா செவந்துபோச்சு. ஒருநா கருப்பட்டி தீந்துபோயி அவன் வீறிட்டான். காவக்காரன் கதவைத் தட்டி, "இன்னொரு தடவ கேட்டுச்சுன்னா, பொட்டணத்தக் கட்டிருங்க"ன்னுட்டுப் போனான்.

மாடத்தி கோழிப் பஞ்சாரத்துக்கிட்ட போயி விழுந்தா. "எங்க போவேன்? எனக்கு யாரு இருக்கா? அந்தக் கெணத்துலயே பிள்ளையோட விழுந்துரட்டுமா?"

பஞ்சாரத்துக்குள்ள அடைகாத்த கோழி பேசுச்சாம். "ஏ மாடத்தி, முழிச்ச ஒடனே இரை போட்டா, என் குஞ்சுகூட நாளைக்கு முந்தியே முழிக்கும். ஒம் பிள்ளை தூக்கங்கெட்டு எந்திரிக்கல, கருப்பட்டிக்கு எந்திரிக்கான். வெளக்கு வச்சதும் வயிறாரச் சோறு ஊட்டிப் படுக்கப் போடு. பஞ்சாரத்து மேல சாக்கப் போட்டா எங்களுக்கே விடியாது, சன்னலையும் அப்படி மூடு. முழிச்சான்னா மேல கையப் போட்டுக்கிட்டு சும்மா கெட. ஒண்ணுங் குடுக்காத."

"அழுவானே தாயி?"

"அழத்தான் செய்வான். ராசா காதுக்கு எட்டாத எடத்துல அழட்டும்."

ஊருக்கு வெளிய பனங்காட்டுல ஒரு ஓலைக்குடிசை. அங்க தூக்கிட்டுப் போனா. மொத நா விடியுமட்டும் கத்துனான், இவளும் கூடவே கண்ணீர் வடிச்சா, ஆனா கையை எடுக்கல. ரெண்டாம் நா சிணுங்குனான். மூணாம் நா பொரண்டு படுத்து, அவ முந்தானையப் புடிச்சுக்கிட்டு வெயில் வாரமட்டும் தூங்குனான்.

தொலைஞ்சா சனியன்னு பூவம்மா, மாடத்தி கெணத்துல தண்ணி எறச்சுக்கிட்டு இருந்தா. இவ திரும்பி வரவும் அவளுக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. விடியக்காலம் சன்னல் வழியா கருப்பட்டியக் காட்டிப் பிள்ளையை எழுப்பிரணும்னு, காவக்காரங்களத் தெருவுல நிக்கச் சொல்லிட்டு, ஒரு கட்டிய மடியில கட்டிக்கிட்டுத் தன் வீட்டு முத்தத்துல சாஞ்சா. கண்ணு அசந்துபோச்சு. கருப்பட்டி வாசத்துக்கு வந்துச்சு பாரு கட்டெறும்பு, சாரை சாரையா! மடிக்குள்ள பூந்து புடுங்க, "ஐயோ, செத்தேன்! அம்மா, செத்தேன்!"னு ஊரே கேக்க அழுதா.

இருட்டு. அழுக. காவக்காரங்க நேரா அவ வீட்டுக்குப் போனாங்க. "நீதான நிக்கச் சொன்ன?"ன்னு சிரிச்சுக்கிட்டே பொட்டணத்தக் கட்ட வச்சாங்க.

இசக்கி கேட்டானா? கேக்கல. மாடத்தி கேட்டாளா? அவளுங் கேக்கல, எத்தனையோ நாத் தூக்கம்.

சுள்ளுனு வெயில் ஏறுன பொறவுதான் கண்ணு முழிச்சா. பிள்ளை தூங்குது, ஊரு முழிச்சிருக்கு, சூரியன் மேல நிக்கு. இப்ப அழுதா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்கன்னு அப்பத்தான் அவளுக்கு ஒறச்சுச்சு. வாசல்ல வந்து ஒக்காந்து, தன் புருசன் பேரச் சொல்லி, வாய் விட்டு அழுதா.

கருப்பட்டி எறும்புக்கு, கதை ஒங்களுக்கு, தூக்கம் எனக்கு. நாளைக்கு வெயில் வராம எவனாவது எந்திரிச்சான்னா பாரு!