கழற்றி மாட்டிய ஷாஃப்ட்

சென்னியப்பன் பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றபோது, ஜெசிந்தா மேடம் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவனைவிட வயதில் இளையவர்தான். ஆனால் பம்ப் கம்பெனியில் இரும்பு கடையும் லேத் ஓட்டிக்கொண்டே அவன் பகுதிநேரமாக டிப்ளமா படித்த காலத்தில், கூடவே இருந்து பாடம் சொல்லிக் கரையேற்றிவிட்டவர். அன்றிலிருந்து எந்தக் குழப்பம் வந்தாலும் சென்னியப்பனின் கால் தானாக இங்கேதான் வரும்.

இந்த முறை குழப்பம் பெரிது. வேலையை விட்டுவிட்டு, லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் போய் உட்கார்ந்திருந்தான். கணக்கு வாத்தியார் போர்டில் பாதி எழுதிவிட்டு, மீதியெல்லாம் ஃபர்ஸ்ட் இயரில் பார்த்ததுதானே என்று துடைத்துவிடுவார். வகுப்பே தலையாட்டும். ஃபர்ஸ்ட் இயர் பக்கமே போகாத இவனும் சேர்ந்து ஆட்டுவான். பக்கத்தில் இருப்பவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை, அவன் முன்னால் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்க முடியுமா என்ன.

முதல் டெஸ்டில் கணக்கு கவிழ்த்துவிட்டது. பம்ப் கம்பெனி சூப்பர்வைசர் திங்கட்கிழமை வரை பழைய இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். மனைவி கோமளாவிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"காலேஜ்ல இருந்து சர்டிபிகேட்டைத் திருப்பி வாங்கிட்டுப் போயிரலாம்னு இருக்கேனுங்க மேடம். பழைய வேலைக்கே போகட்டுங்களா?"

மேடம் துணியைக் கீழே வைத்தார். காலேஜில் லேத் லேப்பாவது நன்றாகப் போகிறதா என்று கேட்டார். சென்னியப்பன் தரையைப் பார்த்தான். அங்கேயும் வேலை தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை என்றான். 'டிப்ளமா' என்று ஒருவன் கேலியாகக் கூப்பிட்ட நாளிலிருந்து, மற்ற பையன்களைப் போலவே தடவித் தடவித்தான் ஓட்டுகிறானாம். கூட்டத்தோடு கூட்டமாக இருந்துவிட்டால் யார் கண்ணையும் உறுத்தாது என்ற கணக்கு.

மேடம் ஜன்னலோர லேத்துக்குப் போனார். காலையில் ஒரு மாணவன் பாதி கடைந்துவிட்டுப் போன ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டு அதில் இருந்தது. ஒரு நிமிடம் ஓடவிட்டார். துளியும் ஆடாமல் நேராகச் சுற்றியது. நிறுத்திக் கழற்றி அவனிடம் கொடுத்தார்.

"இதை அந்தக் கடைசி லேத்துல மாட்டுங்க. மீதியை அதுல கடையணும்."

உயிர் போகிற கேள்விக்கு இதுவா பதில் என்று சென்னியப்பனுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனாலும் வாங்கினான். லேத்தின் பிடியான சக்கில் வைத்து நான்கு தாடைகளையும் இறுக்கினான். ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயலை அதன்மேல் அண்டக் கொடுத்து, கையால் மெல்லச் சுற்றினான். முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துள்ளியது.

"ஆடுதே," என்றார் மேடம். "ஷாஃப்ட் கோணலோ?"

"இல்லீங்க. அங்க நேராத்தானுங்க ஓடுச்சு."

"அப்ப இந்த லேத் சரியில்லை."

"லேத்தும் நல்லாத்தானுங்க இருக்குது. மெஷின் மாறினா ஆடத்தானுங்க செய்யும்."

"எதுக்கு வம்பு? மேலாக ஒரு சீவு சீவிடுங்க. ஆட்டம் நின்னுடும்."

சென்னியப்பன் பதறிப்போய் ஷாஃப்டின் மேல் கையை வைத்துக்கொண்டான். "ஆட்டம் நிக்குமுங்க. அளவு போயிருமே. அந்தப் பையன் பாடுபட்டுக் கடைஞ்சதெல்லாம் வீணாயிருமுங்க."

"அப்ப விட்டுடுங்க. கழட்டிப் பழைய லேத்துலயே மாட்டிடலாம். அங்க நேரா ஓடுச்சே."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ பேருக்கு லேத் சொல்லிக்கொடுத்தவர், இதைப் போய் மறப்பாரா.

"என்னங்க மேடம் நீங்க. ஒருக்காக் கழட்டிட்டா கழட்டினதுதானுங்க. திருப்பி அதுலயே மாட்டினாலும் ஆடும். எங்க மாட்டினாலும் மொதல்ல இருந்து நேர் பண்ணித்தானுங்க..."

பேச்சு பாதியில் நின்றது. சிரிப்பும் கூடவே நின்றது. பம்ப் கம்பெனியில் தன் லேத்துக்கு முன்னால் திங்கட்கிழமை காலை போய் நிற்பதை நினைத்துப் பார்த்தான். ஒரு வாரமாக அதை நினைத்தால் மட்டும்தான் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. இப்போது அந்த லேத்திலும் முள் துள்ளுவதுதான் தெரிந்தது.

மேடம் சக் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

சென்னியப்பன் ஒரு தாடையைத் தளர்த்தினான். எதிர்ப்பக்கத்தை இறுக்கினான். சுற்றிப் பார்த்தான். துள்ளல் கொஞ்சம் குறைந்திருந்தது. பயம் போய்விட்டதா என்றால், இல்லை.

"இன்னும் ஆடுதுங்க மேடம்," என்றான்.

"ஆடட்டும். எந்தப் பக்கம்னு பாருங்க. அந்தப் பக்கத்தை மட்டும் திருப்புங்க."